சால்வைக்குள் கை

ஆட்களைப் படம் வரைந்து பிழைக்கும் அலெக்சாண்டருக்குக் கை வரைய வராது. ரிச்சர்ட்ஸ் டவுனில் அது ஒருவருக்கும் தெரியாது. முகம் அச்சாக வரும். கழுத்துக்குக் கீழே ஒரு சால்வையைப் போர்த்திக் கைகளை உள்ளே தள்ளிவிடுவான். ஆண்கள் என்றால் கோட்டுப் பை இருக்கவே இருக்கிறது.

சனம் அதற்குப் பெயரே வைத்துவிட்டது: அலெக்சாண்டர் ஸ்டைல். ஐம்பத்தைந்தாம் வருஷக் கிறிஸ்துமஸுக்குப் படம் போட்டுக்கொள்ள வந்த பெண்கள் வீட்டிலிருந்தே சால்வை கொண்டுவந்தார்கள். கோல்ஸ் ரோட்டுப் போட்டோக்காரர்கூட வாடிக்கையாளர்களுக்குப் போர்த்திவிட ஒன்று வாங்கி வைத்தார். பங்குச் சாமியார் பூசை முடிந்ததும் கூப்பிட்டு, அந்தச் சால்வையில் ஒரு தாழ்மை தெரிகிறது என்றார். ஸ்தோத்திரம் சாமி என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு வந்தான். வராத ஒன்றைப் பிடித்துக்கொண்டு கும்பிடுகிறார்களே என்று எரிச்சல்.

அதன் பிறகு விடாமல் பழகினான். பஸ் கண்டக்டரின் கை, முடிவெட்டுகிறவரின் கை, மேஜைமேல் தன் இடது கை. முதலில் வாழைப்பழச் சீப்பாக வந்தது. போகப்போக எலும்பு பிடிபட்டது.

ஓய்வு பெறும் பியாட்ரிஸ் டீச்சர், பள்ளிக்கூட ஹாலில் மாட்டப் படம் கேட்டார். துணிந்துவிட்டான். சாக்பீஸ் அரித்த விரல்கள், மோதிரம் இறுகிய கணு, எதையும் விடவில்லை. அவனைக் கேட்டால் அவன் வரைந்த முதல் படமே அதுதான்.

டீச்சர் வந்து பார்த்தார். சால்வை எங்கே என்று கேட்டார். போடவில்லை என்றான்.

"ஏம்பா, பக்கத்து வீட்டு மௌரீனுக்குப் போட்டே, அவ மாமியாருக்கும் போட்டே. எனக்கு மட்டும் என்ன குறை?"

"அதெல்லாம் கை போடத் தெரியாம போட்டது டீச்சர்."

அவர் நம்பவில்லை. பெரிய ஆர்ட்டிஸ்டுகள் இப்படித்தான் அடக்கமாகப் பேசுவார்கள் என்றார். சால்வை இல்லாவிட்டால் அலெக்சாண்டர் போட்டது என்று யார் நம்புவார்கள் என்றும் கேட்டார். அரைமணி வேலைதானே என்றார்.

பிரஷ்ஷை எடுத்தான். பழுப்பைக் குழைத்தான். விரல்கள்மேல் கொண்டுபோய் நிறுத்தினான், முடியவில்லை. இந்தப் படத்துக்குச் சால்வை கிடையாது, பிடிக்காவிட்டால் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டான். டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

திரும்பிப் படத்தைப் பார்த்தான். வலது கட்டைவிரல் கொஞ்சம் நீளம். தள்ளி நின்று பார்த்தான். நீளம்தான். தலையில் அடித்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினான்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. இன்னொரு தடவை வந்து உக்காரணும். கட்டைவிரல் சரியா வரலே."

"அதுக்குத்தானேடா சால்வை கேட்டேன்," என்றார் டீச்சர், நடையை நிறுத்தாமல்.

பார்த்து வரைய ஆகுமா என்று அலெக்சாண்டர் தன் கட்டைவிரலை நீட்டிப் பார்த்தான். உதவாது. அவர் பின்னாலேயே நடந்தான்.