ஆறு நிமிடம் இரண்டு விநாடி

மில் சங்கு ஊதும்போது நாங்கள் வேலையைத் தொடங்குவோம். ஓட்டக்காரி அதற்குள் பதினாறு கிலோமீட்டர் வேலையை முடித்திருப்பாள். இருட்டில் கிளம்பி, ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்பி, மில் மதிலோரம் வந்து நிற்பாள். உடம்பிலிருந்து ஆவி பறக்கும். எங்கள் பக்கத்துச் சேவல்கள் அவளைப் பார்த்துத்தான் கூவும். ஒருமுறை அவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். அன்று ஒன்பது மணி வரை விடியவில்லை. நம்பாதவர்கள் மில் வருகைப் பதிவேட்டைப் பார்க்கலாம். பாதிப் பேர் தாமதம்.

ஈரத் துணியை மாற்றிக்கொண்டு நூற்புக் கூடத்துக்குள் வருவாள். அங்கே காது முதலில் போகும், பிறகு மூச்சு. பஞ்சுத்தூள் புருவத்தில் உட்காரும். இருபது வயதுப் பெண்ணும் பத்து நிமிடத்தில் நரைத்துப்போவாள். இழை அறாமலிருக்க ஈரம் வேண்டுமென்று சன்னல்களை அடைத்து, நீராவியைத் திறந்துவிட்டிருப்பார்கள். ஒருத்திக்கு நாலு மெஷின். ஒவ்வொன்றும் ரயில் பெட்டி நீளம். இரு பக்கமும் நூற்றுக்கணக்கில் கதிர்கள் சுழன்றுகொண்டிருக்கும். எங்கே இழை அறுகிறதோ அங்கே போய் விரல் நுனியால் ஒட்டிவிட்டு அடுத்ததற்கு நடக்க வேண்டும். எட்டு மணி நேரமும் நடைதான். அந்த மெஷின்களுக்கு எண்ணெய் போடுகிறவன் நான். மெஷின் கத்தினால்தான் என் நினைவு யாருக்கும் வரும். நாற்பது வருடமாக என்னை யாரும் பார்க்காததால், எல்லாவற்றையும் நான் பார்த்திருக்கிறேன்.

அவள் ஓட்டக்காரி ஆனதையும் பார்த்தேன். பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒருநாள் தாமதமாகிவிட்டது. கேட்டை மூடினால் அரைநாள் சம்பளம் போகும். ஓடினாள். முதலாளியின் காரை முந்திக்கொண்டு உள்ளே நுழைந்தாள். கார் அன்று பஞ்சர் என்று சிலர் சொல்வார்கள். பஞ்சரை நான் பார்க்கவில்லை. மறுவாரமே மில் பெயரை மார்பில் குத்தி அவளைப் பந்தயத்துக்கு அனுப்பினார் முதலாளி. ஐயாயிரம் மீட்டர், பத்தாயிரம் மீட்டர், ஊர்ப்போட்டி, நாட்டுப்போட்டி. பதினோரு வருடத்தில் இருபத்தேழு கோப்பைகள். எல்லாம் முதலாளியின் அறை அலமாரியில் இருந்தன. ஓடியது அவள், பளபளத்தது அவர் அறை.

இப்போது அவளுக்கு முப்பது. உலகப் போட்டிக்கு ஆள் எடுக்கும் தேர்வோட்டம் அடுத்த மாதம். இதை விட்டால் இன்னும் நாலு வருடம். முப்பது வயதுக் கால் முப்பத்துநாலு வரைக்கும் காத்திருக்காது. மில் சார்பில் ஓடுகிறவள் என்பதால் விண்ணப்பத்தில் முதலாளியின் கையெழுத்து வேண்டும். அதைத்தான் அவள் இராப்பகலாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து டிக்டிக் வந்தான். கையில் ஸ்டாப்வாட்ச், கழுத்தில் பேனா. யார் எவ்வளவு நேரத்தில் நாலு மெஷினைச் சுற்றி வருகிறார்கள் என்று அளக்க முதலாளி அமர்த்திய ஆள். விவரம் தெரிந்த பெண்கள் அவனைக் கண்டதும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டினார்கள். ஓட்டக்காரிக்கு விவரம் போதாது. பதினோரு வருடமாக அவளுக்கு முன்னால் யார் ஸ்டாப்வாட்சை எடுத்தாலும் அவள் செய்தது ஒன்றே ஒன்றுதான். டிக்டிக்கின் கட்டைவிரல் அழுந்தியது. அவ்வளவுதான், ஆள் பறந்தாள். நாலு மெஷினையும் சுற்றி, அறுந்த இழைகளையெல்லாம் ஒட்டிவிட்டு மூன்று நிமிடம் பத்து விநாடியில் வந்து நின்றாள்.

அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை.

"சார், இன்னொரு தடவை பாருங்க. இன்னும் குறைச்சுக் காட்டறேன்" என்றாள்.

அடுத்த திங்கட்கிழமை பலகையில் தாள் ஒட்டினார்கள். இனி ஒருத்திக்கு ஆறு மெஷின். அறுபது பேர் செய்த வேலைக்கு நாற்பது பேர் போதும். இருபது பேர் வீட்டுக்குப் போனார்கள். மீந்தவர்களில் ஆறு மெஷினைச் சமாளிக்காதவளுக்கு அரைநாள் சம்பளம் வெட்டு.

அதன்பிறகு கூடத்தில் யாரும் நடக்கவில்லை, ஓடினார்கள். கால் வீங்கிச் செருப்பு நுழையாமல் சாக்குத்துணியைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். தண்ணீர் குடித்தால் ஒதுங்கப் போக வேண்டும், போனால் இழை அறும் என்று தண்ணீர் குடிப்பதை விட்டார்கள். ஓட்டக்காரியோடு ஒருத்தியும் பேசவில்லை. அவளுடைய சாப்பாட்டு டப்பாவை யாரோ திறந்து பஞ்சுக் கழிவை அடைத்து வைத்தார்கள். அவள் அதை எடுத்துப் போட்டுவிட்டு, அடியிலிருந்த சோற்றைத் தின்றாள்.

வீட்டில் அவளுடைய அண்ணன் மனைவி. அவளும் அதே கூடத்தில் அடுத்த வரிசைதான். ஓட்டக்காரியின் வியர்வைத் துணியைப் பதினோரு வருடமாகத் துவைத்தவள். ஒருநாள் வெந்நீர் வாளியில் காலை வைத்துக்கொண்டு கேட்டாளாம்:

"உன் கால் உனக்குக் கோப்பை வாங்கித் தருது. எங்க காலை ஏண்டி கொண்டுபோய்க் குடுத்த?"

"நான் வேணும்னு செய்யலை அண்ணி."

"வேணும்னு செஞ்சிருந்தா ரெண்டு அறை விட்டுட்டு மறந்திருப்பேன். தெரியாம செஞ்சவளை என்னடி பண்றது?"

பத்தொன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை. ஆறாவது மெஷினுக்கு ஓடிய அண்ணி வளைவில் சறுக்கினாள். தரையில் எண்ணெய் இருந்தது. அது என் கேனிலிருந்து சிந்திய எண்ணெய். எனக்கும் மெஷின் கூடியிருந்தது, துடைக்க நேரமில்லை என்று சொல்லலாம். சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். விழாமலிருக்க அவள் கையை ஊன்றிய இடத்தில் பல்சக்கரம் இருந்தது. வலது கையில் இரண்டு விரல்கள். மெஷின் நிற்கவில்லை. சில மீட்டர் நூல் சிவப்பாக வந்தது; மேஸ்திரி அதைக் கத்தரித்துக் கழிவில் போட்டார்.

மில் வண்டி முதலாளியின் மைத்துனரை அழைத்து வரப் போயிருந்தது. ஓட்டக்காரி அண்ணியை முதுகில் தூக்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரி இரண்டு கிலோமீட்டர், மேட்டுப் பாதை. அந்த ஓட்டத்துக்கு யாரும் நேரம் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் உலக சாதனை என்று நான் சத்தியம் செய்வேன். என் சத்தியத்துக்கு ஊரில் என்ன மதிப்பு என்பது வேறு விஷயம்.

சனிக்கிழமை முதலாளி அவளைக் கூப்பிட்டனுப்பினார். நான் அந்த அறையில் ஏணிமேல் நின்று மின்விசிறிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன்.

"உக்காரும்மா" என்றார். பதினோரு வருடத்தில் முதல் முறை. அவள் உட்காரவில்லை.

"பொம்பளைங்க மனு குடுத்திருக்காங்க, ஆறு மெஷின் முடியாதுன்னு. மறுபடி அளந்து எழுதி அனுப்புங்கன்னு லேபர் ஆபீசர் சொல்றார். வியாழக்கிழமை பழையபடி நாலு மெஷின் சுத்தை அளக்கறோம். நீ அன்னிக்கு வந்த மாதிரியே ஒரு சுத்து வந்து காட்டு, போதும்."

"அண்ணிக்கு ரெண்டு விரல் போயிடுச்சு முதலாளி."

"கவனமில்லாம இருந்தா போகத்தான் செய்யும். போன விரலை நான் ஒட்ட முடியுமா?"

"அறுந்த நூலை மட்டும் நாங்க ஒட்டணும்."

முதலாளி சிரித்தார். கோபம் வந்தால் அவர் சிரிப்பார். அதனால் அவரை நல்லவர் என்று நினைத்தவர்கள் பலர். மேசைமேல் ஒரு தாளைத் தள்ளினார்.

"உன் விண்ணப்பம். வெள்ளிக்கிழமை சாயந்திரம் கடைசி நேரம். வியாழக்கிழமை ஓடு, வெள்ளிக்கிழமை காலையில கையெழுத்தோட வாங்கிக்கோ."

"எனக்கு இது கடைசித் தடவை முதலாளி."

"அதைத்தானே நானும் சொல்றேன்." பிறகு மேலே பார்த்தார். "என்ன பெருசு, ஃபேன் சரியாச்சா?"

"ஃபேன் சரிதான் முதலாளி. காத்துதான் ஒரு மாதிரி வருது" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம். அண்ணியின் கட்டிலைச் சுற்றிப் பதினைந்து பெண்கள். நான் ஒரு ரொட்டியை வாங்கிக்கொண்டு, கண்ணில் படாத இடமாகப் பார்த்து நின்றேன். ஓட்டக்காரி உள்ளே வந்ததும் பேச்சு நின்றது. ஊசி என்று ஒருத்தி உண்டு. உடம்பும் அப்படி, வாயும் அப்படி.

"வாம்மா சாம்பியன். அண்ணி விரலுக்கும் ஒரு கோப்பை குடுத்தாரா முதலாளி?"

ஓட்டக்காரி முதலாளி சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். விண்ணப்பத்தையும் சொன்னாள். "வியாழக்கிழமை நான் மெதுவா நடக்கறேன்" என்று முடித்தாள்.

"நீ நடந்தா ஆச்சா? வீட்டுல நாலு வயிறு இருக்கறவ பயந்துக்கிட்டு ஓடுவா. டிக்டிக் அவளைப் பிடிச்சுக்குவான். ஒருத்தி அஞ்சு நிமிஷம், ஒருத்தி எட்டு, ஒருத்தி பத்துன்னா, எல்லாம் நடிக்கிறாளுங்கன்னு எழுதிடுவான்."

"எல்லாரும் ஒரே நேரத்துல முடிச்சா?"

கட்டிலைச் சுற்றிச் சிரிப்பு. நர்சு வந்து அதட்டிவிட்டுப் போனாள்.

"நாப்பது பொம்பளைங்களா? நாங்க ஒரே நேரத்துல குழாயடிக்குப் போனாலே மண்டை உடையும்" என்றாள் ஊசி.

"பத்தாயிரம் மீட்டர்ல இருபத்தஞ்சு சுத்து ஓடுவேன்க்கா. ஒவ்வொரு சுத்துக்கும் ஒரே நேரம், ஒரு செகண்டு மாறாது. வளைவுல போன செகண்டை நேர்கோட்டுல எடுக்கணும், ஒரேயடியா எடுக்கக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமா. அது ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்ச வித்தை. சொல்லித் தரேன்."

அண்ணி அதுவரை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "யாரோட நடையில?" என்று கேட்டாள்.

"உங்களோடதுல அண்ணி. எட்டு மணி நேரமும் விழாம நடக்க முடியற நடையில."

ஊசி நகர்ந்து கட்டிலோரம் அவளுக்கு இடம் விட்டாள். அவள் யாருக்கும் இடம் விட்டதை நான் பார்ப்பது அதுவே முதல் தடவை.

திங்கள், செவ்வாய், புதன். மூன்று விடியற்காலைகள் மைதானத்தில் நாற்பது பெண்கள் நடந்தார்கள். முன்னால் அண்ணி, மார்போடு கட்டுப்போட்ட கை. டாக்டர் போகக் கூடாது என்றார், அவள் கேட்கவில்லை. நாலு மெஷினின் தூரத்தைக் குச்சி நட்டுக் குறித்திருந்தார்கள். குச்சிக்குக் குச்சி நின்று, காற்றில் இழை ஒட்டினார்கள். ஓட்டக்காரி வரிசைக்கு வெளியே நடந்து, "இங்க மூச்சு விடுங்க", "கால் முந்துது, பிடிங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். முதல் நாள் ஒருத்திக்கும் மற்றவளுக்கும் இரண்டு நிமிடம் வித்தியாசம். இரண்டாம் நாள் அரை நிமிடம். மூன்றாம் நாள் மைதானத்து நாய்கள்கூட அதே நடையில் வந்தன. ஒரு நாய் மட்டும் மூன்று விநாடி முந்திற்று. ஊசி அதைக் கருங்காலி என்று ஏசி விரட்டினாள்.

வியாழக்கிழமை. டிக்டிக் முதல் பெண்ணை அளந்தான். ஆறு நிமிடம் இரண்டு விநாடி. இரண்டாவதும் ஆறு நிமிடம் இரண்டு. ஐந்தாவது ஆளில் வாட்சைக் காதில் வைத்துக் கேட்டான். பன்னிரண்டாவது ஆளில் மேஸ்திரியின் வாட்சைக் கடன் வாங்கினான். இருபதாவது ஆளில் அவனுக்கு வியர்த்தது. நடிக்கிறவர்கள் இப்படி நடிக்க முடியாது என்பது அவன் படிப்புக்குத் தெரியும். மதியம் ஒரு மணிக்கு முதலாளியே இறங்கி வந்தார், கையில் அந்தத் தாளோடு.

"அவளை அளடா."

ஓட்டக்காரி முதல் மெஷின் முனையில் வந்து நின்றாள்.  நுனிக்காலில் நின்றிருந்தாள், அந்தக் கால்களுக்கு வேறுவிதமாக நிற்கத் தெரியாது. வாட்ச் அழுந்தியது. அவள் உடம்பு முன்னே சாய்ந்தது. கூடத்தில் நாற்பது பேர் கதையும் முடிந்தது என்று நினைத்தேன். அவள் குதிகாலைத் தரையில் வைத்தாள்.

அவள் ஓடிய பந்தயங்களில் பாதியை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சுற்றில் அவள் பட்ட பாட்டை எதிலும் படவில்லை. ஒவ்வொரு அடியும் கட்டிவைத்த குதிரையைப் போல இழுத்தது. உதட்டைக் கடித்ததில் இரத்தம் வந்தது. ஒவ்வொரு வளைவிலும் முதலாளி கையிலிருந்த தாள் அவளுக்கு நேரே தெரிந்தது. இழை அறுந்த இடத்திலெல்லாம் நின்றாள், ஒட்டினாள், நடந்தாள்.

"எவ்வளவு?" என்றார் முதலாளி.

"ஆறு ரெண்டுங்க."

"மூணு பத்துன்னு எழுது."

டிக்டிக் வாட்சைப் பார்த்தான். "வாட்ச் அப்படிச் சொல்லலைங்க" என்றான். அவன் நல்லவன் என்று சொல்ல வரவில்லை. வாட்சுக்கு விசுவாசமானவன்.

முதலாளி அவள் பக்கம் திரும்பினார். சிரித்தார். "மூணு பத்துல முடிச்சவ நீ. உன்னால முடியும்."

"என்னால முடியும் முதலாளி. எங்களால முடியாது."

அவர் தாளைக் கிழிக்கவில்லை, கத்தவில்லை. நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பேனாவை மூடினார். "இந்த நிமிஷமே வெளியே போ. நாளைக்கு உன்னைக் கேட்ல பார்க்கக் கூடாது."

அவள் போனாள். அவளுக்குப் பின்னால் ஊசி. ஊசிக்குப் பின்னால் மற்றவர்கள், ஒருத்தியும் முந்தாமல், ஒருத்தியும் பிந்தாமல். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. இழைகள் ஒவ்வொன்றாக அறுந்தன. ஒட்ட ஆளில்லை. நான் எண்ணெய்க் கேனை முதலாளியின் காலடியில் வைத்துவிட்டு வந்தேன்.

வெளியே மதிலோரம் ஓட்டக்காரி குனிந்து வாந்தி எடுத்தாள். ஓடி முடித்து வாந்தி எடுப்பவர்கள் உண்டு. நடந்து முடித்து எடுத்தவளை அன்றுதான் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே காத்திருந்த அண்ணி, கட்டுப்போட்ட கையால் அவள் நெற்றியைத் தாங்கிக்கொண்டாள்.

"போச்சு அண்ணி" என்றாள் அவள். "எல்லாம் போச்சு."

அண்ணி இல்லை என்று சொல்லவில்லை. நெற்றியை விடவுமில்லை.

இரண்டு மணி ஷிப்டுக்குப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் கூட்டத்தைப் பார்த்து நின்றார்கள். விவரம் கேட்டார்கள். ஊசி சொன்னாள். சங்கு ஊதியது. கேட் திறந்தே கிடந்தது. ஒருத்தியும் உள்ளே போகவில்லை. அவர்களில் வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி ஓட்டக்காரியிடம் வந்தாள்.

"எங்களையும் அளப்பாங்க. அந்த நடையை எங்களுக்கும் சொல்லிக் குடும்மா."

ஓட்டக்காரி முந்தானையால் வாயைத் துடைத்தாள். அவளையும் அவள் வயிற்றையும் பார்த்தாள்.

"வரிசையா நில்லுங்க. நீங்க முன்னாடி வாங்க. இனிமே உங்க நடைதான்."

மில் மதிலைச் சுற்றி எண்பது பேர் நடந்தோம். கடைசி ஆள் நான். எண்ணெய் தடவாத ஒரே மெஷின் என் முழங்கால். எனவே அந்தச் சுற்று ஏழு விநாடி பிந்திற்று. யாரும் என்னை விட்டுவிட்டுப் போகவில்லை.