இன்னும் வலிக்கவில்லை

வார்டில் யாரும் எழுந்திருக்கவில்லை. அப்சானாவுக்கு மட்டும் விடிந்துவிட்டது. வலது மேற்கையில் முதலில் மெல்லக் குடைந்த வலி, பிறகு பிளேட் வைத்துத் தைத்த இடமெல்லாம் தீயாக எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். இந்த வலி வரவே கூடாதென்றுதான் நேற்று சாயங்காலத்திலிருந்து துஆ கேட்டுக்கொண்டிருந்தாள்.

வலி வந்தால் மருந்தின் வேகம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். கழுத்துப் பக்கம் ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப்போகச் செய்த டாக்டரம்மா அப்படித்தான் சொல்லியிருந்தார். "முழிச்சுத்தான் இருப்பீங்க, பயப்படாதீங்க. காலைல வலிக்க ஆரம்பிக்கும். அப்பக் கையத் தூக்கிப் பாத்துக்கலாம்." அந்த விழிப்புதான் வினையாகிப் போனது. பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் எலும்பைத் துளைக்கிற சத்தம் நின்ற ஒரு நொடியில், பெரிய டாக்டர் தாழ்ந்த குரலில் சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது. "நரம்பு நசுங்கிப் போச்சேப்பா. மணிக்கட்டு தூக்குறது சந்தேகந்தான்." வெளியே நின்ற அவள் கணவர் ஜலீலிடம், "மரமரப்பு போகட்டும், பாப்போம்" என்பதோடு முடித்துக்கொண்டார்.

போர்வைக்குள் விரல்களை மடக்கிப் பார்த்தாள். மடங்கின. மணிக்கட்டைத் தூக்கப் பார்த்தாள். யாருடைய கையோ போலத் தொங்கியது. ஆரி ஊசி பிடித்துக் கல்யாணப் பிளவுஸ்களில் பூவும் மயிலும் போட்ட கை. இந்தக் கைக்காகவே முகூர்த்தத்துக்கு மாசக்கணக்கில் முன்னாலேயே துணி கொடுத்துவிட்டுப் போகிற பெண்கள் தெற்குவாசலில் உண்டு. இதற்குச் செத்தே போயிருக்கலாம் என்று நினைத்தாள். நினைத்ததற்கு அல்லாஹ்விடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

கட்டிலடியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்திருந்த ஜலீல் விழித்தார். நாகமலை புதுக்கோட்டைக்குப் பிளவுஸ் கொடுக்க பைக்கில் போகும்போது, குறுக்கே வந்த நாய்க்குப் பாவம் பார்த்துப் பிரேக்கை அழுத்தி, கட்டின பெண்டாட்டியைக் கீழே தள்ளிய மனிதர். அன்றிலிருந்து டீயைத் தவிர எதுவும் அவருக்கு உள்ளே இறங்கவில்லை. ஒரு வார்த்தை திட்டிவிட்டால்கூடத் தேவலை என்பதுபோல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதா, அப்சானா?"

அவர் கை அவளுடைய வலது உள்ளங்கையை அழுத்தியது. அந்தச் சூடு முழுசாகத் தெரிந்தது.

"இல்லைங்க. ஒண்ணுமே தெரியல."

"அம்புட்டும் மரத்தாப்லயே இருக்கா? அப்ப ஊசி மருந்து இன்னும் போகல. அதான் கை தூக்க மாட்டேங்குது. நான் வேற என்னென்னமோ நெனச்சுப் பயந்துட்டேன்."

"மொதல்ல போய்ச் சாப்புடுங்க."

கீழே போனவர் இட்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கட்டில் ஓரத்தில் பொட்டலத்தைப் பிரித்து, பசித்த பிள்ளை மாதிரி அள்ளி அள்ளித் தின்றார். நெற்றி வியர்வையைத் தலையணையில் துடைத்துக்கொண்டாள். நர்ஸ் நீட்டிய வலி மாத்திரையையும் வேண்டாமென்றுவிட்டாள்.

வாசல் பக்கத்து முதல் கட்டிலில் பெரிய டாக்டரின் குரல் கேட்டது. அவளுடையது கடைசிக் கட்டில்.

"இன்னொண்ணு வச்சுக்கங்க" என்று இடக்கையால் பொட்டலத்தை ஜலீல் பக்கம் தள்ளினாள்.