மூன்றாம் மாடிக்கு வந்த கிணறு

ஞாயிற்றுக்கிழமை காலை ஜெசிந்தா பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தபோது, மிதியடி மேல் கிணறு நின்றுகொண்டிருந்தது. மூன்று மாடி ஏறி வந்ததில் அதற்கு மூச்சு வாங்கியது.

அந்த இடத்துக் கிணறுதான் அது. அடுக்ககம் கட்டும்போது மண் போட்டு மூடி, மேலே கார் நிறுத்தச் சிமெண்டு பூசிவிட்டார்கள். அதன் செங்கல் சுவரில் இன்னும் டயர் தடம் இருந்தது.

“கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?” என்று கிணறு கேட்டது.

அந்தக் கட்டடத்தில் யாரும் யாரிடமும் அப்படிக் கேட்பதில்லை. லாரி வந்தால்தான் தண்ணீர். காலையில் கொஞ்ச நேரம் குழாயில் வருவதைக் குடத்திலும் வாளியிலும் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் வாசலில் வந்து தண்ணீர் கேட்டவர்களைத் திருப்பி அனுப்ப ஜெசிந்தாவுக்கு வராது. ஒரு சொம்பு கொண்டுவந்து ஊற்றினாள். அது அடியில் போய் விழும் சத்தம் கேட்பதற்குள் அவள் பாலைக் காய்ச்சி இறக்கிவிட்டாள்.

“உள்ள வாங்க,” என்றாள்.

அவள் கணவர் அருள்தாஸ் சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“யாரு ஜெசி?”

“கீழ இருந்தவங்க.”

“எத்தன நாள் இருப்பாங்க?”

“கேக்கலைங்க.”

“ஃபேனைப் போடு. வேர்த்திருக்காங்க.”

கிணறு ஹாலின் நடுவில் உட்கார்ந்தது. டீப்பாயைச் சுவரோரம் தள்ள வேண்டியிருந்தது. எட்டிப் பார்த்தால் ஆழம் குறையாமல் அப்படியே இருந்தது. இரண்டாம் மாடிக்காரர்களைக் கேட்டதில், தங்கள் வீட்டுக் கூரையில் ஒன்றும் தெரியவில்லை என்றார்கள்.

ஜெசிந்தா அரிசி கழுவிய தண்ணீரை அதில் ஊற்றினாள். சுத்திகரிப்பு மெஷின் கழித்துவிடுவதையும், ஏசியில் சொட்டுவதையும் வாளியில் பிடித்து ஊற்றினாள்.

“இதெல்லாம் கொடுக்கலாமா?”

“கொடுங்க. சோப்புத் தண்ணி மட்டும் வேணாம். தும்மல் வருது.”

ஒவ்வொரு வாளிக்கும் ஹால் கொஞ்சம் நீண்டது. புதன்கிழமை வாக்கில் சோபா பொட்டாகத்தான் தெரிந்தது. அதில் இருந்த கணவருக்கு ஜெசிந்தா டிபன் பாக்ஸில் சாப்பாடு எடுத்துக்கொண்டு நடந்து போனாள்.

“ஆபீஸ்ல இருக்கற மாதிரியே இருக்கு,” என்றார் அருள்தாஸ். குறையாகச் சொல்லவில்லை.

சேதி பரவியது. எதிர்வீட்டார் காய்கறி கழுவிய தண்ணீரோடு வந்தார்கள். மேல்வீட்டார் மீன்தொட்டித் தண்ணீரோடு வந்தார்கள். மீன் மட்டும் திரும்பிப் போனது.

வியாழக்கிழமை குடியிருப்போர் சங்கச் செயலாளர் வரதராஜன் வந்தார். கிணற்றின் மேல் நிறுத்தியிருந்த கார் அவருடையது.

“மேடம், விருந்தாளிங்களுக்கு இந்த பில்டிங்ல தண்ணி கிடையாது.”

“அவங்க நமக்கு முன்னாடியே இங்க இருந்தவங்க சார்.”

“அதான் மூடியாச்சே.”

“நான் கூப்பிட்டேனே,” என்றது கிணறு. “தினமும் காலைல.”

வரதராஜன் யோசித்தார். “வண்டி ஸ்டார்ட் பண்ணிட்டிருந்திருப்பேன். சத்தத்துல கேட்டிருக்காது.”

அப்புறம் ஜெசிந்தா பக்கம் திரும்பி, “சனிக்கிழமை லாரி வர்றதுக்குள்ள இவங்க கிளம்பணும். இல்லேன்னா உங்க வீட்டுக் குழாய அடைச்சிருவோம்,” என்றார்.

அவர் போனதும் கிணறு எழுந்திருக்கப் பார்த்தது.

“நான் போயிடறேன்மா.”

“எங்க போவீங்க?”

ஜெசிந்தா அதன் சுவரில் கை வைத்தாள். செங்கல் காய்ச்சல்காரர் நெற்றிபோல் சுட்டது. குழாயை அடைத்தால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பயமாகத்தான் இருந்தது.

“இருங்க. பாத்துக்கலாம்,” என்றாள்.

சனிக்கிழமை லாரி வந்தது. எல்லாரும் குடங்களோடு கீழே நின்றார்கள். டிரைவர் தொட்டியின் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே இன்னொரு சின்ன லாரி நின்றது. அதன் மூடியையும் திறந்தார். அது காலியாக இருந்தது.

“இவ்ளோதான்மா,” என்று சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டு போனார்.

அப்போது மழை பிடித்தது. மொட்டைமாடிக் குழாய் வழக்கம்போல் மழையை எடுத்துக்கொண்டுபோய்த் தெருச் சாக்கடையில் விட்டது. ஜெசிந்தா மேலே ஓடினாள். குழாயின் கழுத்தைப் பிடித்துத் தன் வீட்டு ஜன்னல் பக்கம் இழுத்தாள். அது சாரைப்பாம்புபோல் திமிறியது. தனி ஆளாக அதை அடக்க முடியவில்லை.

குடை பிடித்தபடி வரதராஜன் வந்து நின்றார்.

“மேடம், இதுக்கு ரூல்ஸ் கிடையாது.”

“தெரியும் சார். அந்த முனையப் பிடிங்க.”

அவர் கீழே தெருவைப் பார்த்தார். முழங்கால் அளவு நல்ல தண்ணீர் யாருக்கும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கையில் வெறும் குடத்தோடு அவர் மனைவி அதில் நின்றுகொண்டிருந்தார். வரதராஜன் குடையை மடக்கிக் கீழே வைத்தார். முனையைப் பிடித்தார்.

மழை ஜன்னல் வழியாக ஹாலுக்குள் இறங்கியது. கிணறு கண்ணை மூடிக்கொண்டு குடித்தது. ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. மாலைக்குள் தண்ணீர் விளிம்பிலிருந்து கையெட்டும் தூரத்தில் நின்றது.

கட்டடம் முழுக்க வரிசையில் வந்து மொண்டுகொண்டு போனார்கள். வரதராஜன் கடைசியில் வந்தார். உள்ளங்கையில் ஏந்திக் குடித்தார்.

“உப்பே இல்ல,” என்றார் மெதுவாக. பிறகு, “வண்டிய இனிமே வெளிய நிறுத்திக்கறேன்.”

“நல்ல வண்டி,” என்றது கிணறு. “மழைல நனையாமப் பாத்துக்கோங்க.”

மறுநாள் ஜெசிந்தா சர்ச்சுக்குப் புறப்படும்போது யாரோ கதவைத் தட்டினார்கள்.

ஏரி நின்றுகொண்டிருந்தது. முன்பகுதி மட்டும்தான் வாசலுக்கு வந்திருந்தது. மற்றதெல்லாம் படிக்கட்டிலும் தெருவிலும், அதற்கு அப்பால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் காத்திருந்தது.

“இங்க சேத்துக்கறாங்கன்னு சொன்னாங்க,” என்றது. குரல் கூச்சமாக இருந்தது. “நான் கொஞ்சம் பெரிசு.”

ஜெசிந்தா பைபிளை ஷெல்ஃபில் வைத்தாள். கதவின் இன்னொரு பக்கத்தை அவர்கள் குடிவந்ததிலிருந்து திறந்ததே இல்லை. தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கினாள். கதவு அகலத் திறந்தது.

முதலில் கொக்குகள் உள்ளே வந்தன.