ரத்து என்று போன செய்தி

வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் வீட்டு அறையில் உட்கார்ந்தபடியே, டீமிலேயே சின்னவளான அவள் ஓர் ஆஸ்பத்திரியைக் கலங்கடித்துவிட்டாள். நோயாளிகளுக்குச் செய்தி அனுப்பும் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. "உங்கள் ஆபரேஷன் ரத்து" என்று சோதனைக்காகத் தட்டிவிட்ட பிறகுதான் கவனித்தாள். போனது போலி எண்களுக்கு அல்ல. அன்று பகல் ஆபரேஷனுக்குப் போகவேண்டிய நிஜ மனிதர்களுக்கு.

நெட் போய்விட்டது என்று சாக்குச் சொல்லி லேப்டாப்பை மூடிவிடலாமா? யார் பார்த்தார்கள்? தலையணையில் முகம் புதைத்து ஒரு மூச்சு அழுதாள். ஆபீஸாக இருந்தால் அந்த அழுகையை அடக்குவதிலேயே பாதிப் பொழுது போயிருக்கும். முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாயால் சொல்ல வராததை விரலால் தட்டினாள்: "அக்கா, பெரிய தப்பு பண்ணிட்டேன்."

டீம் லீட் அக்கா கைக்குழந்தையோடு உடனே திரையில் வந்தாள். திட்டவில்லை, அதுவே இவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. திருத்தச் செய்தி அனுப்பிவிட்டு, ஆஸ்பத்திரியிலும் சொல்லிவிட்டு, ஆளுக்குப் பாதியாக நோயாளிகளுக்கு போன் போட்டார்கள். மற்றவர்கள் எரிந்து விழுந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும் எடுக்கவில்லை. மணி அடித்து அடித்து ஓய, இவள் மறுபடி மறுபடி போட்டாள்.

கடைசியில் எடுத்தார். "ரத்துன்னீங்களேம்மா. காலையிலேர்ந்து பட்டினி. இப்பதான் வயிறாரச் சாப்பிட்டேன்."

"தப்பு என்னோடதுதாங்க ஐயா. நான்தான் மாத்தி அனுப்பிட்டேன்."

சாப்பிட்டவருக்கு மயக்க மருந்து கொடுக்க மாட்டார்கள். டாக்டர் மறுநாளைக்குத் தள்ளிவைத்தார். நாளைக்கு எத்தனை மணிவரைக்கும் சாப்பிடலாம் என்பதையாவது சரியாகக் கேட்டுச் சொல் தாயே என்றார் பெரியவர். நர்ஸிடம் இரண்டு தடவை கேட்டு உறுதிசெய்துகொண்டு சொன்னாள்.

சாயங்காலம் அக்கா இன்னொரு குண்டைப் போட்டாள். புதியவர்களையெல்லாம் ஆபீஸுக்கே வரச்சொல்லிவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சாம்.

"ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும்னா, உடனே சொல்லியிருப்பேனான்னே தெரியலக்கா."

"அதையே நாளைக்கு மீட்டிங்ல சொல்லு. நான் லைன்ல இருப்பேன்."

மறுநாள் மீட்டிங்கில் அதையே சொன்னாள். புதியவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும், ஆனால் இன்னொருவர் பார்க்காமல் எந்தச் செய்தியும் போகக் கூடாது என்று முடிவானது. அவளுக்கு அது பாதிதான் காதில் விழுந்தது. கண் முழுக்க போன் மேலேயே இருந்தது. ஆபரேஷன் முடிந்து பெரியவர் கண் விழித்துவிட்டார் என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் நாற்காலியில் சாய்ந்தாள்.