நாற்பது குப்பி, ஒரே கூஜா

1

இந்தக் கதை குற்ற உணர்வில் பிறந்தது. மருந்துச் சோதனைக்குப் பேர்கொடுத்த நாற்பது பேரில் நானும் ஒருவன். பதினேழாம் எண்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பனி விலகிய மலைச்சரிவில் ஸ்த்ராவெட்ஸ் மூலிகை இலைகள் மணத்தன. ரதஸ்வெத்தா குனிந்து ஒன்றைக் கிள்ளி…’

விட்டுவிட்டேன். அவள் மலையேறிப் பதினொரு வருடமாகிறது. அந்தப் பதினொரு வருடமும் எங்கள் ஸ்ரெப்ரோவோ ஊர் ஆய்வுக்கூடத்தில் அந்த இலையைச் சாராயத்தில் ஊறவைத்து வடிகட்டிக்கொண்டிருந்தாள். அதில் டானின் எவ்வளவு, எலாஜிக் அமிலம் எவ்வளவு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். இரத்த அழுத்தத்தைக் குறைக்குமா என்பது மட்டும்தான் பாக்கி.

2

நாற்பது பேருக்குப் பழுப்புக் குப்பிகள் கொடுத்தாள். இருபதில் இலைச்சாறு. மற்ற இருபதில், கருக்கிய சர்க்கரையால் நிறமேற்றிய வெறும் சாராயம். எது யாருக்கு என்று எங்களுக்குத் தெரியாது. ‘தினமும் ஒரு மூடி, தனியாக’ என்று சீட்டு ஒட்டியிருந்தாள்.*

இரு அணிக்கும் வித்தியாசம் தெரிந்தால் ஆய்வுக்கூடத்தில் அவள் பிரிவு பிழைக்கும். இல்லையென்றால் முடிவு வந்த அடுத்த திங்கட்கிழமையே பூட்டு.

(* எங்கள் ஊரில் தனியாகக் குடிப்பவனைத்தான் மருத்துவரிடம் கூட்டிப்போவார்கள்.)

3

மூன்று மாதம் கழித்து நாற்பது பேருக்கும் அழுத்தம் குறைந்திருந்தது. இரு அணியிலும் ஒரே அளவு. ரதஸ்வெத்தா மூன்று முறை சரிபார்த்தாள். பிறகு, எப்படிக் குடித்தோம் என்று விசாரிக்க, நாற்பது பேரில் ஒருவரான ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஸ்தாமெனின் வீட்டுக்குப் போனாள்.

மேசையில் உப்புப் பாலாடைக்கட்டி துருவிய தக்காளி சாலட். நடுவில் கூஜா. சுற்றிலும் நாங்கள்.

“மாமா, என்ன இது?”

“உன் மருந்துதாம்மா. உக்காரு, ஒரு வாய் சாப்பிடு.”

“எல்லாக் குப்பியையும் ஒண்ணா ஊத்திட்டீங்களா?”

“பின்ன? பாதிப் பேர் குப்பில இலையே இல்லன்னு நீதானே சொன்ன. அவங்க என்ன பாவம் பண்ணாங்க? வெள்ளிக்கு வெள்ளி கலந்து பங்கு வெச்சோம். ஒருத்தருக்கும் குறை இல்ல.”

“என் பதினொரு வருஷம், மாமா!”

“அதான் நல்லா வேலை செஞ்சிருக்கே! எனக்குத் தலைசுத்தலே போயிடுச்சு.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் சாலட்டைப் பார்த்தேன்.

(அவ்வளவு உப்பையும் மீறி அழுத்தம் இறங்கியிருக்கிறது. காரணம் இலையா, சாராயமா, ஸ்தாமெனின் பேச்சா? இதை எந்த ஆய்விதழும் அச்சிடாது.)

4

ஆய்வுக்கூடத் தலைவர் பேராசிரியர் கல்ச்செவை இங்கே வில்லனாக்க நினைத்தேன். சரிவரவில்லை. பிரிவைப் பூட்டக்கூடாது என்று அந்த மனிதர் உண்மையாகவே தவித்தார்.

“பன்னெண்டு பேரை மட்டும் அட்டவணைல அணி மாத்திப் போடும்மா. வித்தியாசம் வந்துடும். இலை வேலை செய்யும்னு நமக்குத் தெரியாதா?”

“தெரியாது சார். இப்ப யாருக்குமே தெரியாது.”

“அப்ப கூஜால கலந்துட்டாங்கன்னே எழுது. ஆய்வு மாநாட்டுல எல்லாரும் சிரிக்கட்டும்.”

மாற்றிய அட்டவணையை அவரே தயாரித்தார்; ரதஸ்வெத்தாவின் கையெழுத்துதான் பாக்கி. அதோடு, மருந்தை எப்படிக் குடித்தோம் என்று நாங்கள் குறித்துத் தரும் நாற்பது உறுதிமொழித் தாள்களும் வேண்டும். ஒன்று ‘கலந்தோம்’ என்றாலும் சோதனை செல்லாது.

5

முதல் முடிவு: ரதஸ்வெத்தா கையெழுத்திடுகிறாள், இலை புகழ்பெறுகிறது, ஊரே… எழுதக் கூசுகிறது.

இரண்டாவது முடிவு: உண்மையைச் சொல்கிறாள், பூட்டுகிறார்கள், நிம்மதியாகத் தூங்குகிறாள். தூங்குவாளா? வேலை போனவள் நிம்மதியாகத் தூங்குகிறாள் என்று எழுதுவது சம்பளம் வாங்குகிறவனுக்குச் சுலபம்.

நடந்தது இதுதான். இன்று மதியம் என் வீட்டுக்கு வந்தாள். முப்பத்தொன்பது தாள்களைக் காட்டினாள். அத்தனையிலும் ‘தனியாக’ என்றே குறி. ஒரே பேனாவில், ஒரே மேசையில், சேர்ந்து உட்கார்ந்து போட்டிருக்கிறார்கள்.

“உங்களுது மட்டும் பாக்கி,” என்றாள். “தனியான்னு போட்டா நான் அட்டவணைல கையெழுத்துப் போட்டுடுவேன். சேர்ந்துன்னு போட்டா கிழிச்சுடுவேன். நானா முடிவெடுக்கத் தைரியம் வரல.”

“உனக்கு எது வேணும்?”

தாளையும் பேனாவையும் என் முன் வைத்தாள். எதிரே உட்கார்ந்திருக்கிறாள். யோசிப்பதுபோலக் காட்டிக்கொண்டு இந்தக் கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். இதற்குமேல் எழுத எனக்கு ஒன்றுமில்லை. தாளை உங்கள் பக்கம் நகர்த்துகிறேன்.

எண் 17. மருந்தை நான்:

[  ] தனியாகக் குடித்தேன்

[  ] சேர்ந்து குடித்தேன்