மேற்கே தலைமாடு

வாஸ்து பார்க்க வந்த மோக் மாஸ்டர் திசைக்காட்டியைக் கட்டில்மேல் வைத்து நிதானமாகத் திருப்பினார். அந்தப் படுக்கையறையில் அவர் நின்ற பிறகு வேறு ஆளுக்கு இடமில்லை. சுக்யீயும், அவள் புருஷன் கிங்வாவும், மாமியாரும் வாசலில் நெருக்கியடித்து எட்டிப் பார்த்தார்கள்.

மகன் இளைத்துவிட்டான், ராத்திரியில் தூங்குவதில்லை, கட்டில் கிடக்கும் திசைதான் கோளாறு என்று மாஸ்டரை அழைத்து வந்தவள் மாமியார். கட்டிலாம், கோளாறாம்! வசந்தத்திலேயே கம்பெனி அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. காலையில் டை கட்டிக்கொண்டு கிளம்பி, குவுன் தோங் நூலகத்தில் ஓசிப் பேப்பர் படித்துவிட்டுச் சாயங்காலம் திரும்புகிறவனுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்? அம்மாவிடம் மூச்சுவிடக் கூடாது என்று சுக்யீயிடம் சத்தியம் வாங்கியிருந்தான். வாடகையும் அரிசியும் அவள் பஸ் ஓட்டும் சம்பளத்தில் நடந்தன.

மாஸ்டர் நிமிர்ந்தார். "ரெண்டு பேரோட பிறந்த வருஷமும் ஒத்துப்போகல. இவருக்கு மேற்கே தலை வெச்சாத்தான் நல்லது. உங்களுக்கு அது ஆகவே ஆகாதும்மா. இப்படி இழுபறின்னா, வீட்டுக்குச் சோறு போடுறவங்க திசைக்குத்தான் கட்டில். யாருங்க அது?"

சுக்யீ புருஷனைப் பார்த்தாள். சத்தியம் செய்தவள் வாய் திறக்க மாட்டாள். அவன் திறக்கலாமே! சொல்லக்கூட வேண்டாம், அவள் பக்கம் ஒரு தலையசைப்பு போதும். அதற்காகக் காத்திருந்தாள், பைத்தியக்காரி.

கிங்வா தொண்டையைச் செருமினான். "நான்தான்."

"பின்னே வேற யாரு? இவ பஸ் ஓட்டுறது இவ கைச்செலவுக்கு," என்று மாமியார் சிரித்தாள்.

கட்டிலைத் திருப்பியதும் ஒரு பக்கம் சுவரும் கால்மாட்டில் அலமாரியும் இடித்தன. இறங்க ஒரே ஓரம்தான் மிச்சம்.

"ஆபீஸ் போற பிள்ளை வெளி ஓரமாப் படுக்கட்டும். நீ சுவரோரம் ஒண்டிக்கோ," என்றாள் மாமியார்.

அன்றிலிருந்து, விடியலில் முதல் பஸ்ஸை எடுக்கப் போகிறவள், நாலு காலில் புருஷனைத் தாண்டி இறங்கினாள். முழங்கால் பட்டால் போதும், "ச்சூ, மெதுவாப் போயேன்" என்று புரண்டு படுப்பான். இப்போதெல்லாம் அவன் நன்றாகத் தூங்கினான். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

குளிர்காலத் திருநாள் விருந்தன்று, புது ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை தனக்குக் கிடைத்திருப்பதைச் சொன்னாள்.

"பாத்தியா! என் பிள்ளை திசைக்குக் கட்டிலைப் போட்டோம், அவன் யோகம் உனக்கும் ஒட்டிக்கிச்சு!" மாமியார் கோழிக்காலை எடுத்து மகனுடைய கிண்ணத்தில் வைத்தாள்.

சுக்யீ மறுபடியும் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"மாஸ்டர் கெட்டிக்காரர்தான்," என்று சொல்லிவிட்டுக் கோழிக்காலைக் கடித்தான்.

அவளுக்குள் ஏதோ விட்டுப்போயிற்று. "அத்தே, இன்னையிலேர்ந்து நான் சோபாவுலயே படுத்துக்கறேன். விடியக்காலையில இவரைத் தாண்டித் தாண்டிப் போக வேண்டியிருக்கு. சோறு போடுறவரு தூக்கம் கெடக் கூடாது பாருங்க."

மெல்லுவதை நிறுத்தினான் கிங்வா.

"இப்பத்தான் உனக்குப் புத்தி வந்திருக்கு," என்று மாமியார் மனம் குளிர்ந்து அவளுக்கும் ஒரு இறக்கைத் துண்டு வைத்தாள். கிங்வா மீண்டும் மெல்லத் தொடங்கினான்.

மறுநாள் விடியலில் சீருடைச் சட்டையை எடுக்கப் படுக்கையறைக் கதவைத் திறந்தாள். அது கதவுக்குப் பின்னால் தொங்கியது. கட்டிலின் நட்டநடுவில் கையைக் காலை விரித்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான் கிங்வா. அவளுடைய தலையணை அவன் காலடியில் கிடந்தது. தலை மட்டும் அச்சுப் பிசகாமல் மேற்கே இருந்தது.