ஆடி மாதத்துப் பங்கு

“ஒரு வருசந்தானுங்களே?”

“ஒரு வருசம் பாப்போம் புள்ள. வடிவுக்கு ஒத்துக்கலீன்னா கூட்டிட்டு வந்தரலாம்.”

குன்னூர் கான்வென்டில் மகளைச் சேர்த்துவிட்டு மலையிறங்கும் பஸ்ஸில் அர்த்தநாரியும் நல்லம்மாளும் பேசிக்கொண்டது அது. அப்போது வடிவுக்கு ஏழு வயது. இப்போது பத்து. ஒத்துக்கொண்டதா என்று அவரும் கேட்கவில்லை. கூட்டி வாருங்கள் என்று அவளும் சொல்லவில்லை. திருப்பூரில் அவரோடொத்த பனியன் கம்பெனிக்காரர்கள் யாரும் மகளை மலைக்கு அனுப்பி இங்கிலீஷ் படிக்க வைக்கவில்லை. அந்தப் பெருமையை அவர் சலவைச் சட்டை போலப் போட்டுக்கொண்டு நடந்தார். அதைக் கழற்றச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

இந்தப் பங்குனியில் புது யோசனை ஒன்று வந்தது. நூல் வியாபாரி பொங்கியண்ணனும் இன்னும் இரண்டு பேரும் குன்னூரில் ஒரு பழைய பங்களாவைச் சேர்ந்து வாங்குகிறார்கள். நான்காவது பங்குக்கு அர்த்தநாரியைக் கேட்டார்கள். வருஷா வருஷம் ஆளுக்கு ஒரு மாதம் போய் இருந்துகொள்ளலாம். கம்பெனியில் வேலை மந்தமாவது ஆடியில்தான் என்று அவர் ஆடியைக் கேட்டிருந்தார்.

“ஆடியில அங்க ஒரே மழையுங்களே. அதான் கேட்டதும் விட்டுக் குடுத்துட்டாங்க,” என்றாள் நல்லம்மாள்.

“பொங்கியண்ணனும் சிரிச்சாரு. கம்பளிக்குள்ளயேதான் குடும்பம் நடத்தோணும்னு.” அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார், “நடத்துனாப் போச்சு.”

அவளுக்கும் சிரிப்பு வந்தது. “நாலு ஊட்டுக்காரங்க படுக்கற கட்டிலுங்க.”

“லாட்ஜுக் கட்டில்ல ஊரே படுக்குது.”

“ஓடு ஒழுகுனா?”

“நாலு பேருஞ் சேர்ந்து மாத்தறது.”

“ஒருத்தரு மாட்டேன்னா?”

“இதையெல்லாம் பாத்தா வேண்டாம்னுதான் தோணுது. ஆனா ஆடியில பள்ளிக்கூடம் நடக்கும். ஞாயித்துக்கெழமையானா வடிவு நம்மகூட வந்து இருப்பா. காலேஜ் முடிக்கற மட்டும் வருசா வருசம்,” என்றார்.

காலேஜ் முடிக்கும் மட்டும்.

போன விடுமுறையில் வடிவு சமையலறை வாசலில் நின்று, “அம்மா, தண்ணி குடிச்சுக்கட்டுங்களா?” என்று கேட்டது நல்லம்மாளுக்கு நினைவு வந்தது. குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தது குழந்தை. அந்த ஒழுங்கை அர்த்தநாரி பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தார். நல்லம்மாள் மட்டும் அந்த டம்ளரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மனசு ஒரு நெலையில நிக்கல. சிவன்மலைக் கோயில்ல பூக் கேட்டுரலாம்,” என்றார் அவர். “வெள்ளை வந்தா வாங்கறது. செவப்பு வந்தா விட்டர்றது.”

மறுநாள் காலை வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனி இலையில், வித்தியாசம் தெரியாமல் பொட்டலம் கட்ட உட்கார்ந்தாள் நல்லம்மாள்.

“சாமி முன்னால வெச்சா எடுக்கறதுக்கு ஒரு சின்னப் புள்ள வேணுமே,” என்றார் அர்த்தநாரி, சட்டையை மாட்டிக்கொண்டே. “கம்பெனிக்கு எடம் வாங்கறப்ப நம்ம வடிவு எடுத்தா. இப்ப பக்கத்தூட்டு மயிலாள் புள்ளையக் கூட்டிக்கலாமா?”

நாரை முடிந்துகொண்டிருந்த விரல்கள் நின்றன. நல்லம்மாள் முடிச்சை அவிழ்த்தாள். வெள்ளைப் பூ மடியில் விழுந்தது.

“நம்மூட்டுக் காரியத்துக்கு ஊரார் புள்ள எதுக்குங்க?” என்றாள். “பங்களா வாங்குங்க, வாங்காட்டிப் போங்க. அன்னைக்கு பஸ்ஸில ஒண்ணு சொன்னீங்க. எம்புள்ளையக் கூட்டிட்டு வந்துருங்க.”